எளாவூர்ப் பக்கத்து உவர் மேய்ச்சல் தரைகளின் மண்ணியல்பு

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் சரிந்து செல்லும் தாழ்ந்த தரைகளைக் கார்த்திகை மாதத்தில் கண்ட ஒருவரும், வைகாசி மாதத்தில் கண்ட மற்றொருவரும் அவற்றைப்பற்றித் தம்முள் உரையாடுவாராயின், இருவரும் ஒரே நிலத்தைக் குறித்துப் பேசுகின்றனர் என்று கேட்பவர் எண்ணமாட்டார். முன்னவர் தேங்கிய நீரையும் பசும்புல்லையும் கண்டிருப்பார். பின்னவர் கண் கூசும்படி வெண்பொடி பூத்த வெறுந்தரையையும், இடையிடையே செந்நிறமேறிய உமரிச் செடியையும் கண்டிருப்பார். இந்நிலத்தைத் திருத்தலாமென்றோ, இது ஒன்றுக்கும் உதவாதென்றோ முடிவு செய்வோர் பெரும்பாலும் இவ்விரு தோற்றங்களுள் ஒன்றை மட்டுமே கண்டு முடிவு செய்கின்றனர். இத்தரையிலுள்ள உப்பு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. அது ஆண்டுதோறும் மழையோடு கீழே இறங்கி, வெயிலோடு மேலே ஏறுவது. இவ்வியக்கத்தை அறியாது செய்யப்படும் செலவு எதுவாயினும் பெரும்பாலும் வீணேயாகும்.

உப்பு வந்த வழி

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள உவர்நீர்க் கழிகளில் பெரியது. ஆரணியாறு தெற்கிலும், காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் வடபாகத்திலும் இதிற் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று நீர் நிரம்பி ஏரியின் சில பகுதிகள் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் ஆற்றுவரத்து நின்று, நீர் ஆவியாகிக் குறைய, ஆழமற்ற பகுதிகளில் உப்பு கடல்நீரையும் விஞ்சும். இவ்வேரியினூடே செல்லும் பக்கிங்காம் கால்வாயும் உவர்நீர் ஓடுவதே. 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டப்பட்டுப் பின்னர் இவ்வேரி வரை நீட்டப்பட்ட அக்கால்வாய், கடல் ஏற்றத்தின்போது உவர்நீரை உள்நாட்டுக்குக் கொணரும் வாய்க்காலாகவும் இருந்து வருகின்றது.

கரையோரத் தாழ்தரைகளில் உள்ள உப்பில் ஒரு பகுதி பழமையானது. முற்காலத்தில் கழியின் அடியாக இருந்த சேற்றிலேயே தங்கியது. மற்றொரு பகுதி நிலத்தடி உவர்நீரிலிருந்து ஏறுவது. புயற்காலத்தில் ஏரிநீர் கரைமீறி ஏறுவதாலும், கடற்காற்றோடு வரும் நீர்த்திவலைகளாலும் சேர்வது இன்னொரு பகுதி. இவற்றுள் கரைமீறி ஏறும் நீரைப்பற்றி ஒரு கணக்கு மனத்திற் கொள்ளத்தக்கது. கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்டது. அத்தகைய நீர் ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரம் ஏறி, வடியாமல் அங்கேயே வற்றிவிடுமாயின், அந்நிலத்தில் தங்கும் உப்பு சுமார் 3,600 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டைகளில் 72 மூட்டை. கரையில் ஏற்பட்ட சிறு உடைப்பை ஒரு பருவம் அடைக்காமல் விடுவதன் விலை இதுவே.

மண்ணின் உள்ளே நிகழ்வது

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்துகள்களின் இடையேயுள்ள நுண்ணிய வழிகளில் நிலத்தடி நீர் தானே மேலேறும். மணலில் அது விரைந்து ஏறினும் சிறிது உயரமே ஏறும். கடுங்களிமண்ணில் மிக உயரம் ஏறவல்லதாயினும் மெதுவாகவே ஏறும். இரண்டும் கலந்த வண்டல் கலப்பு மண்ணில் உயரமும் விரைவும் ஒருங்கே அமைவதால் அதுவே உப்பேற்றத்துக்கு மிக ஏற்ற இடமாகின்றது. உவர்நீர் மட்டம் தரையிலிருந்து ஐந்தடிக்குள் இருக்கும் இடங்களில், மாசி கழிந்தவுடன் இவ்வேற்றம் தொடங்கிவிடும். மேலே வந்த நீர் ஆவியாகிப் போகும், உப்பு போவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தங்கி, சித்திரை வைகாசியில் வெண்பொடியாய்ப் பூத்து நிற்கும். அப்பொடியின் கீழ் மண் மிருதுவாய்ப் பொருமி, மிதித்தால் கால் சற்று அமிழும்படி இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் இது தலைகீழாகின்றது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆண்டு மழை 1,100 மில்லிமீட்டருக்கு, அதாவது மூன்றரை அடிக்குக் குறையாதது. அதிற் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்திற் பெய்வது. ஓரடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் ஐந்தில் நான்கு பங்கைக் கழுவிக் கீழிறக்க, ஏறத்தாழ ஓரடி உயர நன்னீர் அம்மண்ணினூடே இறங்கிச் செல்லுதல் போதும் என்பது ஆராய்ச்சியாற் கண்ட பொதுவிதி. ஆகவே பயிரின் வேர் ஓடும் ஆழத்தைக் கழுவ இப்பக்கத்து மழை போதுமானதே. ஆனால் 'மண்ணினூடே' என்ற சொல்லிலேயே காரியம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. மேலே வழிந்தோடிய நீர் எவ்வளவு பெரிதாயினும் உப்பைக் கீழிறக்குவதில்லை.

குளிர்ந்து வறண்ட நாட்டு உவர்த்தரைகளை இதனோடு ஒப்பிடுதல் பயன் தரும். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், த்சோ கார் என்னும் உப்பேரி உண்டு. அதன் கரைத்தரைகளிலும் வெண்பொடி பூத்திருக்கும். சாங்பா மக்கள் ஆடுகளையும் யாக் மாடுகளையும் அப்பக்கத்தில் மேய்க்கின்றனர். முற்காலத்தில் அவ்வேரியின் உப்பை எடுத்து வாணிகமும் செய்தனர். லே நகரில் ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அதனால் உப்பைக் கழுவ அங்கே நீரில்லை. மேலும், குளிர்காலத்தில் மேல்மண் உறையும்போது கீழிருந்து ஈரம் உறைபனியை நோக்கி ஈர்க்கப்பட்டு, உப்பையும் உடன்கொண்டு வரும். எனவே அத்தகைய தரைகளில் கோடையிலும் குளிரிலும் உப்பு ஏறும். இறங்குதற்குக் காலமே இல்லை எனலாம். அங்குள்ளார் உவர்த்தரையை உள்ளபடியே ஏற்று, மந்தையை இடம் மாற்றி வாழ்வதன்றி வேறு வழியில்லாதவர். எளாவூர்ப் பக்கத்துக் குடியானவருக்கோ ஆண்டில் மூன்று மாதம் இயற்கையே கழுவித் தருகின்றது. அம்மூன்று மாதத்தில் பெற்றதை மற்ற ஒன்பது மாதத்தில் இழவாமற் காப்பதுதான் அவர் செய்யவேண்டியது.

உவர் வேறு, களர் வேறு

இவ்விரு சொற்களையும் பேச்சுவழக்கில் வேறுபாடின்றி வழங்குவர். பழைய கிராமக் கணக்குகளிலும் இக்கலப்பு உண்டு. முன்னாளிற் சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க எடுத்துச் சென்ற 'உவர்மண்' உண்மையில் சோடாக்காரம் மிகுந்தது. மண்ணியலார் அதனைக் களரோடு சேர்ப்பர். சொல் எவ்வாறாயினும் ஆகுக. மருந்து வேறுபடுவதால் நோயைப் பகுத்தறிதல் இன்றியமையாதது.

உவர்நிலத்தில் கரையக்கூடிய உப்புகள் மிகுந்திருக்கும். கடலோரத்தில் அவை பெரும்பாலும் சோடியம், மெக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடுகளும் சல்பேட்டுகளுமே. களர்நிலத்தில் கரையும் உப்பு குறைவாகவே இருக்கலாம். ஆயின் சோடியம் களித்துகள்களையே பற்றிக்கொண்டு நிற்பதால் மண் நீரிற் குழைந்து, உலர்ந்தபின் கல்லாய் இறுகும். அமெரிக்காவில் ரிவர்சைடு நகரத்து உவர்மண் ஆய்வுக்கூடம் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூலில் வகுத்த எல்லைகளே இன்றும் பெரிதும் வழங்குகின்றன. பூரிதச் சேற்றின் சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டு, பி.எச். 8.5-க்குக் குறைந்திருப்பது உவர். துகள்களைப் பற்றிய சோடியம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேற்பட்டு, பி.எச். 8.5-ஐக் கடந்திருப்பது களர். இரண்டும் கலந்தனவும் உண்டு.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புமுன் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி மண்ணையிட்டு, மழைநீரை நிரப்பி நன்கு குலுக்கி வைக்கவேண்டும். சில நாழிகையில் மண் அடியிற் படிந்து மேல்நீர் தெளியுமாயின் அது உவர் பக்கத்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் கலங்கலாகவே நின்றால் களர்த்தன்மை ஏறியிருக்கின்றதென்று ஐயுறலாம். கிணற்றுநீர் உப்பாயிருந்தால் இச்சோதனை பொய்க்கும். ஆதலின் மழைநீரே வேண்டும்.

இப்பகுப்பை அறியாமையால் வரும் நட்டம் சிறிதன்று. அரியானாவிலுள்ள கர்னாலில் 1969-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால், பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய நாடுகளில் ஜிப்சம் இட்டுப் பெரும்பரப்புகள் சாகுபடிக்குக் கொண்டுவரப்பட்டன. அவை களர்நிலங்கள். அச்செய்தியைக் கேட்டுக் கடலோர உவர்நிலத்தில் வண்டிவண்டியாய் ஜிப்சம் கொட்டுவது, ஏற்கெனவே உப்பு மிகுந்த சோற்றில் மருந்தையும் இடுவதாகும். அங்கே வேண்டியது நன்னீரும் வடிகாலுமே. எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. களிமண் மிகுந்த உவர்நிலத்தை மழைநீரால் நெடுநாள் கழுவும்போது, கரையும் உப்பு போய்ச் சோடியம் மட்டும் துகள்களைப் பற்றி நின்று, உவர் களராக மாறுதலுமுண்டு. புட்டி நீர் கலங்கத் தொடங்கிய அந்நிலையிலேதான் ஜிப்சத்துக்கு வேலை. ஏரியின் அடியிலும் கரையிலும் கிளிஞ்சற் படிவுகள் பல இடங்களில் உண்டு. மண்ணிற் கிளிஞ்சற்பொடி கலந்திருக்கும் நிலத்தில், தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதால், தழை மக்கும்போது பிறக்கும் கரியமிலவாயு அக்கிளிஞ்சலிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சோடியத்தை இடம்பெயர்க்கும். இது விரைந்த மருந்தன்று. ஆயின் விலை குறைந்தது.

புல்லும் மாடும்

உவர்த்தரையில் தானே முளைக்கும் செடிகள் மண்ணின் நிலையைச் சொல்லும் கணக்குப்புத்தகம் போன்றவை. உமரியும் ஓர்ப்பூடும் மட்டும் நிற்குமிடம் உப்பு மிக்கது. அறுகு படர்ந்த இடம் அதனினும் நல்லது. சாற்றின் மின்கடத்துதிறன் 3-ஐக் கடந்தாலே நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். அறுகு ஏறத்தாழ 7 வரையில் குறைவின்றி வளரும். ஆகவே அறுகு நன்கு படர்ந்துவிட்டது என்பதனாலேயே நெல் விளையுமென்று துணிதல் கூடாது. அறுகும் நில்லாத இடத்தில் நெல்லை நடுவது பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை.

புல் மண்ணைக் காட்டுவது மட்டுமன்று, மாற்றுவதும் செய்கின்றது. புல் மூடிய தரையில் வெயில் நேரே படுவதில்லையாதலால் மேற்பரப்பில் ஆவியாதல் குறையும். வேர்கள் ஆழத்தில் நீரை உறிஞ்சுவதால் உப்பு அவ்வாழத்திலேயே தங்கும்; மேலே பூப்பதில்லை. மடிந்த வேர்கள் விட்ட துளைகளின் வழியே அடுத்த மழை உள்ளிறங்கும். அப்புல்லை வேரோடு மேயவிட்டுத் தரையை வெறுமையாக்கினால் இம்மூன்று நன்மைகளும் ஒருங்கே போகும். உப்பு மேலேறப் புல் மேலும் குறையும். புல் குறைய உப்பு மேலும் ஏறும். ஒரு பொட்டலாகத் தொடங்கியது சில ஆண்டுகளில் வெளியெங்கும் பரவுவது இவ்வாறே.

வட இந்தியாவில் 'உசார்' என்று வழங்கும் பாழ்த்தரைகளில் இவ்வுண்மை நெடுநாட்களுக்கு முன்பே காணப்பட்டது. இந்திய விவசாயத்தை ஆராய வந்த டாக்டர் வோல்க்கர் 1893-ஆம் ஆண்டில் வெளியான தம் அறிக்கையில், அலிகர் பக்கத்தில் அத்தகைய தரைகளை அடைத்து மாடு புகாமற் காத்ததனால் புல் மீண்டும் வளர்ந்ததைக் குறித்திருக்கின்றார். அங்கிருந்த மண் களர். எளாவூர்ப் பக்கத்து மண் பெரும்பாலும் உவர். ஆயினும் புல்லின் தொழில் இரண்டிலும் ஒன்றே.

ஆனால் மேய்ச்சல் வெளியை ஆண்டு முழுவதும் அடைத்துவிடுக என்று சொல்வது எளிது. மாட்டை எங்கே கட்டுவது என்பதற்கு விடை வேண்டும். ஏரிக்கரைக் குப்பங்களில் மீன்பிடி குறைந்த நாட்களில் இரண்டு ஆடுகளை நம்பியிருக்கும் குடும்பங்களும் உண்டு. ஆதலின் வெளியை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியை ஐப்பசி முதல் மழையிலிருந்து தைமாதம் புல் விதை உதிரும்வரை அடைத்து, மறுபாதியைத் திறந்து, மறு ஆண்டில் மாற்றிக்கொள்ளுதலே நடக்கக்கூடிய ஏற்பாடு. அடைக்கும் காலம் மழைக்காலமாயிருத்தல் முக்கியம். ஈரத்தில் குளம்பு பட்ட உவர்க்களி சேறாய்க் குழைந்து இறுகிவிடும். பின் அதனுள் மழை இறங்காது. மேய்க்கால் புறம்போக்கு ஊருக்குப் பொதுவானதாகையால், இவ்வடைப்பைக் கிராம சபையிற் பேசித் தீர்மானித்துச் செய்தல் வேண்டும். ஊர் நன்மையென்று வேலியிட்டுப் பின் அதனைத் தம் பட்டா நிலத்தோடு சேர்த்துக்கொள்ளுதல் அறமுமன்று, சட்டமுமன்று.

வேலிக்காத்தான் எனப்படும் சீமைக்கருவேலம் உவரைப் பொறுத்து வளர்வதென்பது உண்மையே. அதன் காய்களை ஆடுமாடுகள் விரும்பித் தின்று, சாணத்தின் வழியே விதையை எங்கும் பரப்பிவிடும். விறகு வேண்டுவோர்க்கு அது உதவும். புல்வெளி வேண்டுவோர்க்குப் பகையே. சிறு செடியாய் இருக்கும்போதே வேரோடு களைவது மலிவு.

உவர்ச்செடிகளை மேயும் கால்நடைக்கு நன்னீர் மிகுதியாக வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 3 கிராம் வரையில் உப்பிருப்பின் மாடுகளுக்குத் தீங்கில்லை. அதற்கு மேற்பட்டால் கழிச்சல் காணலாம். 7 கிராமைக் கடந்த நீரைச் சினைமாட்டுக்கும் கன்றுக்கும் காட்டலாகாது. கோடையில் ஏரிநீர் இவ்வெல்லைகளைப் பன்மடங்கு கடந்தது. எனவே மேய்ச்சல் வெளியின் மேட்டுப்பக்கத்தில் மழைநீர்க் குட்டை ஒன்று இருத்தல், புல்லுக்கு அடுத்தபடி வேண்டுவதாம். குட்டையை ஆழமாக வெட்டினால் கூடுதல் நீர் கிடைக்குமென்று எண்ணி உவர்நீர் மட்டத்தைத் தொட்டுவிடக்கூடாது. அகலமாயும் ஆழங்குறைவாயும் வெட்டுவதே முறை.

செய்யத்தக்கதும் தகாததும்

பட்டா நிலமாயிருந்து நெல் பயிரிட விரும்புவோர், புரட்டாசிக்குள் வரப்புகளை உயர்த்திச் சமன் செய்து, முதல் மழையைத் தேக்கி மண்ணினூடே இறங்கச் செய்து, உவர்நீர் போக வடிகாலைத் தாழ்ந்த பக்கம் திறந்துவைத்தல் வேண்டும். வடிகால் இன்றித் தேக்குவது உப்பை ஒரு மாதம் ஒளித்துவைப்பதேயாகும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையால் நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் கடல்நீர் ஏறியபோது, மறு ஆண்டுப் பருவமழை இறங்கி வடிய வழியிருந்த வயல்கள் மீண்டும் விரைவிற் பயிருக்கு வந்தன. கேரளத்தில் கொச்சியைச் சூழ்ந்த கழிநிலங்களில் பொக்காளி நெல் பயிரிடுவோர், கோடையில் மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, தென்மேற்குப் பருவமழை அம்மேடுகளைக் கழுவிய பிறகே விதைக்கின்றனர். உப்பைப் பொறுக்கும் நெல்லைக் கையிற் கொண்டவரும் மழைக்குக் காத்திருப்பது கவனிக்கத்தக்கது.

நன்னீர்க் கிணறுகளை வரம்பின்றி இறைப்பது கடலோரத்தில் உவரைத் தானே அழைப்பதாகும். மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960-களின் பிற்பகுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது காணப்பட்டது. இறைப்பால் நன்னீரின் அழுத்தம் குறைந்த இடத்தை உவர்நீர் நிரப்பியதே காரணம்.

கிராம அலுவலர் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது சவுட்டுமண் எடுப்பைத்தான். உவர்த்தரை பாழ்தானே, அதில் மண்ணெடுத்தால் யாருக்கு நட்டம் என்று கேட்பதுண்டு. மேலிருந்து ஒரு முழம் மண்ணை அகற்றினால் உவர்நீர் ஒரு முழம் அருகில் வந்துவிட்டதாகும். ஐந்தடியில் இருந்த நீர்மட்டம் மூன்றரை அடியில் நிற்கும். அதன்பின் அக்குழியில் அறுகும் முளைக்காது. குழியின் ஓரத்து வயலும் சில ஆண்டுகளில் அவ்வழியே போகும்.

இறால் பண்ணைக்குக் குத்தகை கேட்டு வருவோரைப்பற்றியும் சொல்லவேண்டும். உவர்நீரைக் குளமாகத் தேக்கிவைத்தால் அது பக்கவாட்டிலும் கசியும். அண்டை வயலும் மேய்ச்சல் தரையும் மேலே கண்ட மூட்டைக் கணக்கில் உப்பைப் பெறும். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், விளைநிலங்களை இறால் குளங்களாக மாற்றலாகாதென்றும், சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத்தொழில் அமைக்கலாகாதென்றும் ஆணையிடப்பட்டது. பின்னர் 2005-ஆம் ஆண்டில் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது. குத்தகைப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் நிலம் ஏரியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதென்பதை வரைபடத்தில் அளந்து பார்த்தல் உடையவர் கடமை.

மண் மாதிரி எடுத்தல்

ஒரே நிலத்தில் தையில் எடுத்த மாதிரியும் வைகாசியில் எடுத்த மாதிரியும் வெவ்வேறு விடை தரும். இரண்டும் உண்மையே. ஆகவே இரு முறையும் எடுத்தல் வேண்டும். ஒருமுறைதான் இயலுமாயின் வைகாசியில் எடுத்து, அம்மாதத்தைக் குறித்து அனுப்புக. மேற்பரப்பில் பூத்த வெண்பொடியைச் சுரண்டித் தனியே ஒரு பையிலும், அதன் கீழ் அரையடி வரையிலுள்ள மண்ணை மற்றொரு பையிலும், அரையடியிலிருந்து ஓரடி வரையும், ஓரடியிலிருந்து இரண்டடி வரையும் உள்ளவற்றைத் தனித்தனியேயும் இடவேண்டும். யாவற்றையும் கலந்து ஒரே பையில் இட்டால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. ஆய்வுக்கூடங்கள் சில, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து மின்கடத்துதிறனை அளக்கின்றன. அவ்வெண் பூரிதச் சேற்றுச் சாற்றின் எண்ணைவிடக் குறைவாகவே வரும். 4 என்ற எல்லையோடு அதனை நேரே ஒப்பிடலாகாது. எம்முறையில் அளந்தது என்று கேட்டு அறிக்கையின் ஓரத்தில் எழுதி வாங்குக. பையின் மேல் சர்வே எண், ஆழம், எடுத்த நாள், அன்று அவ்விடத்தில் நின்ற செடி, குழியில் நீர் ஊறியிருப்பின் அது எத்தனை அடியில் ஊறியது என்பவற்றைப் பென்சிலால் எழுதவேண்டும்; ஈரம் பட்டால் மை கரைந்துபோகும்.